பயற்றை வேரின் முடிச்சுகள்

மாசி மாதத்து முற்பகல் ஒன்றில், கரவெட்டியிலுள்ள என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஓர் அம்மையார் உள்ளே வந்தார். கையில் ஒரு நெகிழிப் பை. பைக்குள், வேரோடும் செம்மண்ணோடும் பிடுங்கிய ஒரு பயற்றங்கொடி. அவர் எனக்குப் புதியவர் அல்லர். நான் உயிரியல் கற்பித்த கல்லூரியில் நெடுங்காலம் ஆய்வுகூட உதவியாளராகப் பணியாற்றியவர். நுணுக்குக்காட்டிகளைத் துடைத்து வைப்பதும், இலைகளைக் கொதிநீரிலிட்டுப் பச்சையம் நீக்குவதற்கு ஆயத்தம் செய்வதும், வேர்களைக் கழுவித் தட்டுகளில் அடுக்குவதும் அவருடைய கைவேலைகள். நான் ஓய்வுபெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஓய்வுபெற்று மூன்றாவது ஆண்டு நடக்கின்றது.

"சேர், உந்தக் கொடியை ஒருக்காப் பாருங்கோ. இலை மஞ்சளாப் போகுது. மத்தியானத்திலை துவண்டு விழுகுது. தண்ணி காணாமல் எண்டு சொல்லேலாது. நாள்விட்டு நாள் இறைக்கிறன்."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொடியைக் கிணற்றடிக்குக் கொண்டுசென்று வேரை நீரில் அலசினேன். மண் கரைந்ததும் வேர் முழுவதும் சிறு சிறு புடைப்புகள் தெரிந்தன. எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவில்லை. அவரையினத்துச் செடிகளின் வேர்ச்சிறுகணுக்கள் எனக்கு உயிர்போன்ற பாடம். வளிமண்டலத்தில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். அந்தக் கடலுக்குள்ளே நின்றுகொண்டே செடிகள் நைதரசனுக்காகப் பட்டினி கிடக்கின்றன. ஏனெனில் வளியாக உள்ள நைதரசனை எடுத்து உண்ணும் ஆற்றல் எந்தச் செடிக்கும் இல்லை. பயற்றையைப் போன்ற அவரையினத்துக்கு மட்டும் ஓர் உபாயம் உண்டு. மண்ணிலுள்ள ஒருவகைப் பற்றீரியாவை அது தன் வேருக்குள் அழைத்து, அவற்றுக்குச் சிறுகணு என்னும் வீட்டைக் கட்டிக் கொடுத்து, தன் இலைகள் ஆக்கிய வெல்லத்தை ஊட்டுகின்றது. பற்றீரியாக்கள் வளியின் நைதரசனைச் செடி உண்ணத்தக்க வடிவில் மாற்றிக் கொடுக்கின்றன. இதனைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பது எனக்கே தெரியாது.

"நீர் பயப்பட ஒண்டும் இல்லை" என்றேன். "கணுக்கள் நிறைய இருக்கு. கொடி தன்ரை சாப்பாட்டைத் தானே தேடுது. யூரியா ஒரு பிடியும் போடாதேயும். யூரியா போட்டால் செடி சோம்பேறியாப் போயிடும். பற்றீரியாவுக்கு வேலை குடுக்காது. ரெண்டு கிழமை பொறும். பச்சை திரும்பும்."

அவர் வேரைத் தம் கையில் வாங்கி, பெருவிரலால் ஒருமுறை வருடிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை.

"சேர் சொன்னால் சரி" என்றார். படலைவரை போனவர் திரும்பி நின்று, "ரெண்டு கிழமைதானே?" என்று மீண்டும் கேட்டார்.

"ரெண்டே கிழமை" என்றேன்.

அந்த இரண்டு கிழமை அவருக்கு எத்தகைய காலம் என்பதை நான் அறிந்தே இருந்தேன். அவர் மயிலிட்டியில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் அந்த ஊரே எழும்பிப் போயிற்று. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் ஊரவர் எவரும் தம் மண்ணை மிதிக்கவில்லை. படையினரிடமிருந்து காணிகள் விடுவிக்கப்பட்டபோது, தாயார் வழியில் வந்த ஆறு பரப்புச் செம்மண் காணி ஈச்சம்பற்றையும் நாயுண்ணிப் பற்றையுமாகக் கிடந்தது. அது அவருக்கும் அவருடைய தமையனாருக்கும் சரிபாதி உரித்துடையது. தமையனார் மயிலிட்டித் துறைமுகத்தில் படகு வைத்திருப்பவர். மண்ணில் அவருக்கு நாட்டம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து கரையோரத்தில் விடுதி கட்ட இடம் தேடிய ஒருவர் முழுக் காணியையும் கேட்டபோது, கொடுத்துவிடலாம் என்றார். தங்கையார் மறுத்தார். கணவரை இழந்து, பிள்ளைகளும் தூரதேசம் போய்விட்ட நிலையில், எஞ்சிய காலத்தை அந்த மண்ணில் பயிர் செய்து கழிப்பதென்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஈற்றில் தமையனார் ஒரு தவணை கொடுத்தார்: சித்திரை வருடப்பிறப்புக்குத் தாம் வந்து பார்ப்பதாகவும், தோட்டம் தோட்டமாக நின்றால் காணி நிற்கும், இல்லையேல் விற்கப்படும் என்றும்.

முதற்போகம் கத்தரி, ஓரளவு காய்த்தது. இரண்டாம் போகம் இந்தப் பயற்றை. பதினெட்டு வரிசை. இதனை வைத்தே தீர்ப்பு.

இரண்டு கிழமை முடிய இன்னும் மூன்று நாள் இருக்கையில் தொலைபேசி ஒலித்தது.

"சேர், நாலு வரி செத்துப் போச்சுது. பக்கத்து ரெண்டு வரியும் மஞ்சளடிக்குது. ஒருக்கா வரேலுமோ?"

மறுநாள் காலை பேருந்தில் அச்சுவேலிவரை சென்று, அங்கிருந்து முச்சக்கரவண்டி பிடித்து மயிலிட்டியை அடைந்தேன். இடிந்த சுவர்களுக்கு நடுவே புதிய கூரைகள் எழுந்திருந்தன. கடலின் உப்புக்காற்று தோட்டத்துக்குள்ளேயே வீசிற்று. தகரக் கூரை போட்ட சிறு வீட்டுக்குப் பின்னால், தடிகளில் ஏறிய பயற்றங்கொடிகள் பன்னிரண்டு வரிசையில் கரும்பச்சையாய் நின்றன. மேற்குப் பக்கத்து ஆறு வரிசைகள் வேறு தோட்டத்தைச் சேர்ந்தவைபோல வெளிறிக் கிடந்தன.

தமையனாரும் அங்கே இருந்தார். சித்திரைக்கு வருவதாகச் சொன்னவர், துறைமுகம் கூப்பிடுதூரத்தில் இருந்தபடியால், செய்தி கேட்டுத் தவணைக்கு முன்பே வந்துவிட்டார். கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து சாரத்தைச் சரிசெய்தார்.

"வாங்கோ மாஸ்ரர், வாங்கோ. உங்கடை பள்ளிக்கூடத்துக்காரி செய்த தோட்டத்தைப் பாருங்கோ. பாதி தோட்டம், பாதி வைக்கோல்."

"பாதி இல்லை, மூண்டிலை ஒண்டு" என்றார் தங்கையார்.

"ஓமோம், கணக்கிலை கெட்டிக்காரிதான். அப்பு வலை இழுத்த ஆள், ஆத்தை மீன் வித்த மனிசி. நீ மட்டும் எங்கையிருந்தடி தோட்டக்காரியா வந்தனி?"

"நீங்கள் தின்னுற புட்டுக்குத் தேங்காய் கடலிலையோ காய்ச்சது, அண்ணை?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இருவரும் ஒருவரையொருவர் இவ்வாறு சீண்டிக்கொள்வதில் சிறுவயது தொட்டே பழகியவர்கள் என்பது தெரிந்தது. ஆயினும் சிரிப்பு அடங்கியதும் அவர் வெளிறிய வரிசைகளைப் பார்த்த பார்வையில் விளையாட்டு இல்லை. விடுதி கட்ட இருப்பவர் மறுபடியும் கேட்டுவிட்டாராம்.

தங்கையார் என்னிடம் வந்தார். முற்றத்து வாங்கிலின்மேல் ஓர் எனாமல் தட்டு வைத்து, அதில் நீர் ஊற்றி, இரண்டு வேர்களைக் கழுவி அருகருகே கிடத்தியிருந்தார். வேர்கள் ஒன்றன்மேலொன்று படாமல், நுனிகள் விரிந்து, ஒவ்வொரு கிளையும் தனித்தனியே தெரியும்படி அடுக்கியிருந்த முறையைக் கண்டதும் எனக்குக் கல்லூரி ஆய்வுகூடத்துச் செயன்முறைத் தேர்வு நாள்கள் கண்முன் வந்தன. அந்த அடுக்கு அவர் ஒருவருக்கே உரியது.

"சேர், வலப்பக்கம் கிடக்கிறது பச்சை வரியிலை பிடுங்கினது. இடப்பக்கம் மஞ்சள் வரி. ரெண்டிலையும் உருண்டையள் கிடக்கு. இப்ப பாருங்கோ."

வலப்பக்க வேரைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து இலேசாக உருட்டினார். ஒரு சிறுகணு கழன்று தட்டில் விழுந்தது. மற்றொன்றும் விழுந்தது. வேர் இழை முழுதாக நேராக இருந்தது. விழுந்த கணுவை நகத்தால் பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பு நிறம். பின்னர் இடப்பக்க வேரை எடுத்து அவ்வாறே உருட்டினார். எதுவும் கழலவில்லை. அழுத்தி உருட்டினார், அப்போதும் கழலவில்லை. அங்கே வேரின்மேல் ஒட்டிய உருண்டை எதுவும் இல்லை. வேரே வீங்கி, இஞ்சிக்கிழங்கின் வடிவில் முடிச்சு முடிச்சாய்த் திரண்டிருந்தது. பிளந்து காட்டினார். உள்ளே வெண்மை.

முடிச்சு விழுந்த அந்த வேரைப் பற்றியும் நான் கற்பித்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வட்டப்புழு வேருக்குள் நுழைந்து ஓரிடத்தில் நிலையாகத் தங்கிவிடுகின்றது. அது தன் வாயிலிருந்து கக்கும் பொருளால் சுற்றியுள்ள கலங்கள் பேருருக் கொள்கின்றன. அக்கலங்களுக்குச் செடி ஓயாது உணவு அனுப்புகின்றது. புழு இருந்த இடத்திலிருந்தே உறிஞ்சிக்கொண்டு முட்டையிடுகின்றது. வேரின் குழாய்கள் நெளிந்து திருகிப்போவதால் நீரும் கனியுப்புகளும் மேலேறுவதில்லை. ஆகவேதான் நீர் நிறைந்த நிலத்தில் நின்றுகொண்டே கொடி நண்பகலில் வாடுகின்றது. சிறுகணுவுக்கும் முடிச்சுக்கும் வேறுபாடு கூறுக என்று வினாத்தாளிற் கேட்டவனும் நான்தான். கையில் கிடைத்தபோது கண்டுபிடிக்கத் தவறியவனும் நான்தான். பயற்றை என்று கண்டவுடன் சிறுகணு என்று என் கண் தீர்மானித்துவிட்டது.

"இதை எப்படி அறிந்தீர்?" என்று கேட்டேன். அச்சமயம் என் பேச்சு வகுப்பறைத் தமிழாகிவிட்டதை அவர் கவனித்திருக்கவேண்டும், மெல்லப் புன்னகைத்தார்.

"முப்பது பிள்ளையளுக்கு முப்பது வேர் கழுவி வைக்கிறது என்ரை வேலை, சேர். கொஞ்சம் அழுத்திக் கழுவினாலும் கணு கழண்டு போகும். கழண்டால் நீங்கள் என்னைப் பேசுவியள். அந்தப் பேச்சுக்குப் பயந்து எத்தினை வேரைப் பஞ்சு வைச்சுக் கழுவியிருப்பன்! அண்டைக்கு உங்கடை வீட்டுக் கிணத்தடியிலை நீங்கள் அலசின அலசலுக்கு ஒரு கணுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் எல்லாம் அப்படியே கிடந்தது."

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"எனக்கு ஐமிச்சம்தான். ஆனால் நீங்கள் கண்ணாடியும் போட்டுப் பாத்துச் சொன்னாப் பிறகு நான் என்னண்டு சொல்லுறது?"

கிணற்றுக் கட்டிலிருந்து தமையனாரின் குரல் வந்தது. "மாஸ்ரருக்குக் கண்ணாடி மாத்த வேணும் போலை."

"நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை" என்று அதட்டினார் தங்கையார்.

தமையனார் சொன்னதில் குற்றம் ஒன்றுமில்லை என்றேன் நான். மெய்யாகவே இல்லை. தவறு செய்தவன், தவறைச் சுட்டியவரிடம் முகத்தைச் சுளிப்பது கல்விக்கு அழகன்று. ஆனால் என் தவறு அத்தோடு முடியவில்லை.

தமையனார் எழுந்து வந்து தட்டைக் குனிந்து பார்த்தார். "முப்பது வருசம் ஒருத்தரும் கொத்தாத நிலம். பத்தைக்குள்ளை பாம்பு இருந்தது, நரி இருந்தது. உந்தப் புழு எங்காலை வந்தது?"

தங்கையார் தட்டிலிருந்த நீரை மாற்றப் போனார். அவர் எதனைச் சொல்லாமல் விட்டார் என்று நான் எண்ணிப் பார்த்தேன். வெளிறிய வரிசைகளின் எல்லையைக் கண்ணால் அளந்தேன். முதற்போகத்தில் கத்தரி நின்ற பகுதி அதுவே. ஆவணி மாதத்தில், என் வீட்டுத் தோட்டத்திலிருந்து கத்தரி நாற்றுகளைக் கிளப்பி, வேர் காயக்கூடாதென்று என் மண்ணையே உருண்டையாகப் பிடித்து, ஈரச்சாக்கில் சுற்றி, நானே அவருக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். எங்கள் பகுதியில் நாற்றுக் கொடுப்பவர் தாய்மண் சேர்த்துக் கொடுப்பார். மண் உதிர்ந்த நாற்றைக் கொடுத்தால் கைராசி இல்லாதவர் என்று பெயர் வரும். நான் கைராசிக்காரன் என்னும் பெயரை விரும்பியவன்.

"என்ரை வீட்டிலையிருந்து வந்தது" என்றேன். "நான் குடுத்த நாத்தின்ரை மண்ணிலை."

தமையனார் என்னைப் பார்த்தார், தங்கையாரைப் பார்த்தார், பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "அப்ப மாஸ்ரர்தான் விதைச்சிருக்கிறார்! வைத்தியமும் அவர், வருத்தமும் அவர்!"

"சேர் தெரிஞ்சு செய்தவரோ?" என்றார் தங்கையார் கடுமையாக. அந்தச் சிரிப்பைவிட அவருடைய பரிவே எனக்கு அதிகம் வலித்தது.

சிரித்து முடித்த தமையனார் இறுகிய குரலில் பேசினார். "சரி, பகிடியை விடுவம். நிலம் பழுதாப் போச்சு. இனி உதிலை என்ன செய்யிறது? வாங்கிறவன் வாங்கட்டும். அவனுக்கு விடுதி கட்டப் புழு இருந்தாலென்ன, பாம்பு இருந்தாலென்ன?"

தங்கையார் வீட்டுக்குள் சென்று ஒரு மண்வெட்டியும் இரண்டு சாக்கும் எடுத்துவந்தார். நேரே மேற்குப் பக்கத்துக்குப் போய், முதலாவது வெளிறிய கொடியின் அடியில் மண்வெட்டியைப் போட்டு, வேரோடு கிளப்பிச் சாக்கில் இட்டார். அடுத்ததையும் இட்டார். அக்கொடிகளில் சூம்பிய காய்கள் சில தொங்கின.

"எடி, காய் கிடக்குதடி! காயோடையோ பிடுங்கிறாய்?" என்று தமையனார் கத்தினார்.

"காயைப் பாத்துக்கொண்டு நிண்டால் மிச்சப் பன்னிரண்டும் போயிடும். மிசின் போட்டால் தண்ணி மேற்காலை ஏறி, உந்தப் பாத்தியளைத் தாண்டித்தான் கிழக்காலை போகுது. ஒவ்வொரு இறைப்புக்கும் நான் புழுவுக்கு வாய்க்கால் வெட்டிக் குடுத்துக்கொண்டு இருக்கிறன்."

நீர் மாறும் ஒழுங்கை நான் எண்ணிப்பார்க்கவே இல்லை. புழு தன் வாழ்நாளில் நடக்கக்கூடிய தூரம் ஒரு முழம். வாய்க்கால் அதனை ஓர் இறைப்பில் தோட்டம் முழுவதும் சுமந்து செல்லும். என் சொல்லைக் கேட்டு அவர் பொறுத்திருந்த நாள்களில் ஐந்தாறு இறைப்பு நடந்திருக்கும்.

தமையனார் என் பக்கம் திரும்பினார். "மாஸ்ரர், உந்தப் புழு வேருக்குள்ளை இருந்துகொண்டு என்ன செய்யுது? வேரைத் தின்னுதோ?"

"வேரைத் தின்னாது. வேருக்குப் போற சாப்பாட்டைத் தின்னும். வேர் செத்தால் அதுக்கும் சீவியம் இல்லை. அதாலை கொல்லாமல் வைச்சிருக்கும்."

அவர் முகம் சட்டென்று மாறிற்று. "பாரை மீன்ரை வாய்க்குள்ளை ஒரு பூச்சி இருக்கும், கண்டிருக்கிறியளோ? வெள்ளையா, கரப்பான் மாதிரி. நாக்கிலை குந்தியிருக்கும். வாயைத் திறந்தால் எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கும். மீன் உயிரோடைதான் இருக்கும், ஆனால் தலை பெருத்து உடம்பு மெலிஞ்சு கிடக்கும். மீன் பிடிச்ச இரையிலை தானும் பங்கு எடுக்கிறது. அந்த வேலைதான் உதுவும், என்ன?"

"அதே வேலைதான்" என்றேன். மாணவர்களுக்கு ஒட்டுண்ணிப் போசணையை விளக்க இவ்வளவு பொருத்தமான எடுத்துக்காட்டு என் நூலறிவில் இருக்கவில்லை. தட்டில் அருகருகே கிடந்த இரண்டு வேர்களையும் சுட்டி, ஒன்றில் உண்பவன் உழைத்துக் கொடுத்து உண்கிறான், மற்றதில் உண்பவன் எடுத்து மட்டுமே உண்கிறான் என்று விளக்கினேன். அவர் வலப்பக்க வேரைத் தொட்டு, "அப்ப உவர் பங்காளி" என்றார். இடப்பக்கத்தைத் தொட்டு, "உவர் கள்ளன்" என்றார். பின்னர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். "விலத்து பார்ப்பம். உப்பிடிப் பிடுங்கினால் பாதி வேர் மண்ணுக்குள்ளை நிக்கும். வலையைக் கல்லிலையிருந்து எடுக்கிற மாதிரிப் பொறுமையா எடுக்க வேணும்."

நண்பகலுக்கு முன் ஆறு வரிசையும் வெறும் மண்ணாயின. சாக்குகளைக் குப்பைமேட்டில் கொட்ட வேண்டாம் என்றேன். உக்கும் குப்பைக்குள் முட்டைகள் பிழைத்துக்கொள்ளும். பனையோலையைப் போட்டுக் கொளுத்தினோம்.

அன்று மாலை வீடு திரும்பியதும் என் கத்தரிச் செடிகளில் ஒன்றைக் கிளப்பினேன். மேலே செழித்த இலை. நீலம் பாய்ந்த பளபளப்பான காய். கீழே, இடம்விடாமல் முடிச்சு. நான் அச்செடிகளுக்கு எருவும் நீரும் தாராளமாய் ஊட்டியவன். இரண்டு வாய்க்குப் போதுமான உணவு கிடைத்ததனால் புழுவும் உண்டது, செடியும் உண்டது. நோய் வெளியே தெரியவில்லை. என் கைராசியின் உட்பொருள் இதுதான். எல்லாச் செடிகளையும் அன்றிரவுக்கு முன்பே பிடுங்கி எரித்துவிட்டேன். அதன்பின் இரண்டு நாள் பழைய குறிப்பேடுகளையும் புதிய நூல்களையும் விரித்துவைத்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் மயிலிட்டிக்குப் போனேன்.

தமையனார் அன்றும் அங்கே இருந்தார். கடலுக்குப் போகாத நாளாம்.

"நண்டுக்கோது வேணும்" என்றேன்.

"என்ன?"

விளக்கினேன். நண்டின் ஓடும் இறாலின் ஓடும் கைற்றின் என்னும் பொருளால் ஆனவை. அதனை உண்டு வாழும் நுண்ணுயிர்களும் பங்கசு என்னும் பூஞ்சணங்களும் மண்ணில் இயல்பாகவே உண்டு. ஆனால் இரை குறைவாதலால் அவை தொகையிற் குறைந்து கிடக்கும். நண்டுக்கோதை இடித்து மண்ணில் இட்டால் அவற்றுக்கு விருந்து, பெருகும். வட்டப்புழுவின் முட்டையுறையிலும் அதே கைற்றின் உண்டு. நண்டுக்கோது தீர்ந்தபின் பெருகியவை பசியோடு முட்டைகளைத் தேடும். நஞ்சு தெளிப்பதற்குப் பதிலாக, கள்ளனைத் தின்னும் வாய்களை நாம் ஊட்டி வளர்க்கிறோம்.

"அப்ப இது மண்ணுக்குச் சாப்பாடு போடுற வேலை" என்றார் தமையனார்.

"ஓம். மண்ணுக்குள்ளை இருக்கிற ஆக்களுக்கு."

"நண்டுக்கோதுக்கு எங்கையும் போகத் தேவையில்லை. நண்டுச் சதை எடுக்கிற கொட்டிலிலை மலையாக் குவிஞ்சு கிடக்கு. நாத்தம் தாங்கேலாமல் எடுத்துக்கொண்டு போங்கோ எண்டு கெஞ்சுகினம்."

தங்கையார் அருகில் வந்தார். "சேர், ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லும்."

"இந்த முறை ரெண்டு பாத்தியிலை மட்டும் போட்டுப் பாப்பம். பக்கத்திலை ரெண்டு பாத்தி சும்மா கிடக்கட்டும். நாலிலையும் கொஞ்சம் பயித்தங்கொட்டை ஊண்டி, வேரைப் பாத்துப்போட்டு மிச்சத்தைச் செய்வம்."

கட்டுப்பாட்டுப் பரிசோதனை இல்லாமல் முடிவு கூறக்கூடாது என்று நான் வகுப்புத்தோறும் சொன்னதை, வகுப்பில் இருந்திராத ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார். நான் உடன்பட்டேன். கோதிலுள்ள உப்பைப் போக்க நன்கு கழுவ வேண்டும் என்றும், எங்கள் மண் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்ததாதலால் அளவோடு இடவேண்டும் என்றும் மட்டும் சேர்த்துக்கொண்டேன். இரண்டையும் அவர் ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதி வைத்தார்.

மறுநாளே தமையனார் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் எட்டுச் சாக்கு நண்டுக்கோதை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார் என்று தொலைபேசியில் கேள்விப்பட்டேன். இரண்டு பாத்திக்கு இரண்டு சாக்குப் போதும். மிகுதி ஆறும் வேலியோரத்தில் கிடந்து நாறின. ஊர்க் காகங்களும் நாய்களும் அங்கே குடியேறின. "எட்டு எதுக்கு அண்ணை?" என்று தங்கையார் கேட்டதற்கு, "ஒரு வலைக்கு வந்தால் ஒரு கூடையோடையோ திரும்புறது?" என்றாராம். கழுவுவதற்கும் அவரே வந்தார். உலக்கையால் இடித்ததும் அவரே. பின்னேரங்களில் துறைமுகத்திலிருந்து நேரே தோட்டத்துக்கு வந்து, மண்ணைக் கையால் கிளறி முகர்ந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது என்று தங்கையார் குறைபோலச் சொன்னார். "வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு, சேர். அண்ணை அதைப் பாத்துப்போட்டு, 'வந்திட்டினம், வந்திட்டினம்' எண்டு விருந்தாளியள் வந்த மாதிரிச் சொல்லுறார்."

மிஞ்சிய பன்னிரண்டு வரிசையும் காய்த்தன. நீர் மாறும் ஒழுங்கைத் தங்கையார் திருப்பியிருந்தார். கிழக்கிலிருந்து தொடங்கி, மேற்கே வெறும் பாத்திகளில் முடியும்படி. காய்களைக் கட்டுக் கட்டாகத் தெல்லிப்பழைச் சந்தைக்கு அனுப்பினார். எனக்கும் இரண்டு கட்டு வந்தது. அதனைத் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறியாக ஆக்கி உண்டபோது, வளியிலிருந்து பிடித்த நைதரசன் பற்றீரியாவின் கை, வேரின் கை, காயின் கை என்று மாறி, இப்போது என் தசையில் ஒரு துணுக்காகச் சேர்கின்றது என்னும் எண்ணம் எனக்குப் பெருமிதம் தந்தது. எழுபத்தாறு வயதில் புதிதாய் ஆகும் தசை எவ்வளவு என்று கேட்பாருண்டு. சிறிதேனும் ஆகும், உடம்பு நாள்தோறும் தன்னைப் பிரித்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றது.

சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் என்னை அழைத்திருந்தார்கள். கைவிசேடக் காசு வாங்கி, மோதகம் தின்றபின் மூவரும் மேற்குப் பாத்திகளுக்குப் போனோம். இடையில் ஊன்றிய பயற்றஞ்செடிகள் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன. தங்கையார் ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து செடிகளைக் கிளப்பி, கழுவி, தட்டில் பரப்பினார். கோது இடாத பாத்திகளின் வேர்களில் முடிச்சு மலிந்திருந்தது. கோது இட்ட பாத்திகளில் முடிச்சு இருந்தது. ஆனால் எண்ணக்கூடிய அளவு. ஒரு செடியில் அறவே இல்லை. முற்றாக ஒழிந்தது என்று சொல்ல முடியாது, ஒழியவும் ஒழியாது; எண்ணிக்கை குறைந்தால் பயிர் தாங்கிக்கொள்ளும் என்றேன். இம்முறை என் கூற்றை இரண்டு பேரும் வேர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்பே ஏற்றார்கள். அதுவே முறை.

தமையனார் தட்டின்முன் குந்தியிருந்து, கோது இட்ட பாத்தியின் வேர் ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய சட்டைப்பையிலிருந்த தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். "அந்த விடுதிக்காரப் பெடியன்" என்றார் எங்களிடம். தங்கையார் கையிலிருந்த வேரைத் தட்டில் வைத்தார். சித்திரை பிறந்துவிட்டது, தவணை முடிந்துவிட்டது.

"ஓம் தம்பி, சொல்லும்... ஓம், வருசத்துக்குப் பேந்து சொல்லுறன் எண்டனான்தான்... இல்லை, காணியிலைதான் நிக்கிறன்... இப்ப குடுக்கிறது கஷ்டம்... என்னத்துக்கோ? உள்ளுக்கை ஒரு வேலை நடக்குது... வீட்டு வேலை இல்லை, மண்ணுக்கை. நான் ஆக்களுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறன். தின்னுகினம். இடையிலை எழுப்பேலாது... பொறும், கேட்டுச் சொல்லுறன்."

தொலைபேசியை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டு தங்கையாரைப் பார்த்தார்.

"எப்ப முடியுமெண்டு கேக்கிறான்."

"அது முடியிற வேலையில்லை, அண்ணை" என்றார் தங்கையார். "போகத்துக்குப் போகம் போட்டுக்கொண்டேதான் இருக்க வேணும்."

"அப்ப முடியாதெண்டு சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ."

அவர் தொலைபேசியைக் காதில் வைத்து, அவ்வாறே சொன்னார்.